நான் இறங்காத குழி

வெள்ளிக்கிழமை, காலை 5.40

மன்னார் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் ஏறினேன். கட்டணம் ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபா. தூரம் முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பையில் இரண்டு சேட், ஒரு சாரம், அக்காவுக்கு மூன்று கிலோ கட்டாக் கருவாடு, ஒரு பழைய கமரா பிலிம் டப்பா. டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றி வைத்த நீலக் கண்ணாடி மணி ஒன்று. மிளகை விடச் சற்றுப் பெரிது. அந்த மணிதான் என்னைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனது.

நான் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் வெளிவரும் மாத இதழ் ஒன்றில் பயணக் கட்டுரை எழுதுவேன். அது என் பழக்கம், பெருமை, பலவீனம் எல்லாம். தூரம், நேரம், கட்டணம் எதிலும் பிசகு வரவிடமாட்டேன். ஒருமுறை பஸ் கட்டணத்தை ஐந்து ரூபா கூட்டி எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். அடுத்த இதழில் திருத்தம் போடவேண்டும் என்று ஆசிரியரோடு சண்டை பிடித்தவன் நான். அப்படிப்பட்ட நான் பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு முழுப் பொய்யை எழுதினேன். அதற்குத் திருத்தம் கேட்டு யாரும் கடிதம் போடவில்லை.

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம் அது. மாந்தையில், பண்டைய துறைமுகம் இருந்த மேட்டின் ஓரத்தில், கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் ஆழமாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். குழியின் சுவரில் பானை ஓடும் சாம்பலும் சங்கும் படைபடையாக, அடுக்குப் போலத் தெரிகிறதாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். போய் வந்து, அந்தக் குழியில் இறங்கியதாக எழுதினேன். தரையிலிருந்து நாலரை அடி ஆழத்தில், சாம்பல் படைக்குக் கீழே, மண்சுவரில் பதிந்திருந்த நீல மணியை என் விரலால் எடுத்ததாக எழுதினேன். கொத்தனார் மாதிரி அடிக்கணக்கு வேறு. உண்மையில் நான் குழியில் இறங்கவே இல்லை. மணி எனக்குக் கிடைத்தது வீதியோரத்தில்.

கட்டுரை வந்த பிறகு பள்ளிக்கூடங்கள் என்னைக் கூப்பிடத் தொடங்கின. பண்டைய வரலாறு தரும் வாழ்க்கைப் பாடங்கள் என்று தலைப்பு. மேடையில் மணியை விரல் நுனியில் தூக்கிக் காட்டுவேன். “அறிவு மேலாகக் கிடக்காது பிள்ளைகளே, பயப்படாமல் இறங்குகிறவன் கையில்தான் அது அகப்படும்” என்பேன். கைதட்டல் மண்டபத்தைப் பிய்க்கும். இதுவரை ஒன்பது பொன்னாடை வாங்கியிருக்கிறேன். ஒன்றையும் நிம்மதியாகப் போர்த்தியது கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன் இதழின் முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோட்டாஞ்சேனை நிரோஷா. பகலில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை, மாலையிலும் வார இறுதியிலும் முதுகலைப் படிப்பு. பழைய துறைமுகங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். மாந்தைக் குழியை எப்போதோ மூடிவிட்டார்கள், அதைப் பற்றி எழுத்தில் இருப்பது உங்கள் கட்டுரை ஒன்றுதான், என் ஆய்வின் ஓர் அதிகாரமே நீங்கள் எழுதிய அந்த நாலரை அடியில் நிற்கிறது என்று எழுதியிருந்தார். ஆய்வேட்டைக் கொடுக்கும் கடைசி நாள் இந்தத் திங்கட்கிழமை. அதற்கு முன் மணியைப் படம் எடுக்க வேண்டும், கொழும்புக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பு விழுந்துபோகும். சொல்லாவிட்டால் என் பொய் அட்டை போட்ட புத்தகமாகி நூலகத்தில் ஏறும். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். வருகிறேன், வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் நிற்பேன் என்று மட்டும் தொலைபேசி எண்ணோடு பதில் போட்டேன். போய் என்ன சொல்வது என்று முடிவு செய்யாமலே பஸ் ஏறினேன்.

காலை 7.50, மதவாச்சி

யுத்த காலத்தில் இங்கே சோதனைக்கு எல்லோரும் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இப்போது அதெல்லாம் இல்லை. ஆனாலும் இன்று வீதியில் நின்ற பொலிஸ்காரர் கையைக் காட்டினார், பஸ் நின்றது. என் கை தானாகவே சேட் பொக்கற்றில் இருந்த அடையாள அட்டைக்குப் போயிற்று. அடுத்து, பைக்குள் இருந்த டப்பா நினைவுக்கு வந்தது. பழம்பொருளை அரசாங்கத்திடம் ஒப்படைக்காமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். பதினான்கு வருடக் குற்றவாளி நான். உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் முருங்கனில் ஏறிய நெல் வியாபாரி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணை, ஐசி ஒண்டும் கேக்க மாட்டாங்கள். இது ஸ்பீட் பாக்கிறது. இவர் ஓடின ஓட்டத்துக்கு மறிக்காமல் விடுவாங்களே?”

“ஓம், தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சே இப்பிடி நடுங்குறியள்?”

பொலிஸ்காரர் ஓட்டுநரோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கை அடையாள அட்டையை விட்டு வர அனுராதபுரம் வரைக்கும் எடுத்தது.

பிற்பகல் 2.15, புறக்கோட்டை

சிலாபத்தில் பணிஸும் பிளேன்டீயும் நூற்றெண்பது ரூபா. நீர்கொழும்பைத் தாண்டியதும் வாகன நெரிசல். புறக்கோட்டையில் இறங்கி வெள்ளவத்தைக்கு வேறு பஸ் பிடித்தேன். எட்டரை கிலோமீற்றருக்கு ஐம்பது நிமிடம், எழுபது ரூபா. பஸ் காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டிக் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்தபோது நான் இருக்கையில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கட்டடங்களில் ஏதோ ஒன்றில் நிரோஷா வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் என்னைக் கண்டதே இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்தேன். பயத்துக்குப் புத்தி கிடையாது.

அக்கா வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியின் நான்காவது மாடியில் இருக்கிறா. அத்தான் இல்லை. மகன் கனடாவில். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தவுடன் கருவாட்டுப் பொதியைக் கூட வாங்கவில்லை.

“என்னடா, வேர்த்துக் கிடக்கிறாய்? நெஞ்சுக்கை ஏதும் செய்யுதோ?”

தேநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு வருடத்தில் ஒரு உயிருக்கு இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா அதிர்ச்சி அடைவா என்று நினைத்தேன். அவ மீன் சொதிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டா.

“அந்தப் பிள்ளை எப்ப புத்தகத்தைக் குடுக்குது?”

“திங்கட்கிழமை.”

“பதினாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தனீ. இன்னும் மூண்டு நாள் மூடிக்கொண்டு இருக்கேலாதோ?”

“பொய்யக்கா அது.”

“ஆரடா இப்ப அடிக்கணக்குப் பாக்கப் போகினம்? மணியைக் காட்டு, படம் எடுக்கட்டும், தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வா. அது வேலையும் பாத்துப் படிக்கிற பிள்ளை. உன்ர மனச்சாட்சியைக் கழுவுறதுக்கு அதின்ர படிப்பை ஏன் குழப்புறாய்?”

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அதை விட, எனக்கு வசதி இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை, மாலை 4.00

காலையில் கடற்கரை வீதியில் காற்றாட நடந்தேன். புடவைக் கடைகளில் கலியாணச் சனம். சைவக் கடையில் இரண்டு வடையும் பால் தேநீரும் முந்நூற்று இருபது. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தில் கேட்கிறதை விட அதிகமாக யாழ்ப்பாணத் தமிழ் கேட்கிறது. நான் அக்காவின் யோசனையை ஒரு கொள்கையாகவே ஆக்கிவிட்டிருந்தேன். பிள்ளையின் நன்மைக்காக மௌனம். கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது!

நான்கு மணிக்கு நிரோஷா தொலைபேசியில் வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை.

“அங்கிள், வந்துட்டீங்களா! நாளைக்கு ஒன்பதே முக்காலுக்கு கொச்சிக்கடை சர்ச் வாசல்ல நிப்பேன். பூசை முடிஞ்சிரும். எங்கட வீடு கிட்டத்தான்.”

என் நாக்கு தானாக ஒரு வழி தேடியது. “பிள்ளை, எனக்கு ராத்திரியிலையிருந்து ஒரு மாதிரிக் காய்ச்சல்…” என்று சொல்லி, நம்பட்டும் என்று இருமியும் காட்டினேன்.

“ஐயோ! அப்ப நீங்க அலைய வேணாம் அங்கிள். நான் இப்பவே வெள்ளவத்தைக்கு வாறேன். அட்ரஸ் சொல்லுங்க, பனடோலும் வாங்கிட்டு வாறேன்.”

“இல்லை, இல்லை. நாளைக்குச் சுகமாயிடும். நான் வாறன்.”

“தேங்க்ஸ் அங்கிள். ஒண்ணு கேக்கணும். ஆழம் நாலரை அடி தானே? நாலு இல்லையே? அரை அடியில எனக்கு ஒரு நூறு இருநூறு வருஷம் மாறிடும். அதுதான்.”

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

“ஓம். நாலரை” என்றேன்.

எழுதியது வேறு. அது முகம் தெரியாத வாசகருக்குச் சொன்னது. இது ஒரு பிள்ளை நம்பிக் கேட்க, அவள் காதுக்குள்ளேயே சொன்ன பொய். பழைய பொய்யைக் காப்பாற்றப் போய்ப் புதிய பொய்யும் சொல்லியாயிற்று, நடுவில் ஒரு காய்ச்சல் வேறு. பால்கனியில் நின்று கடலைப் பார்த்தேன். ஒரு பக்கம் அக்கா சொன்னது, மறுபக்கம் அந்தப் பிள்ளையின் அரை அடிக் கவலை. இப்படியே விட்டால் நான் சாகும்வரை இந்தப் பெண்ணுக்குப் பயந்துகொண்டே இருப்பேன் என்று அப்போது விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.50

வெறுங்கையோடு போகக்கூடாது என்று அக்கா அரைவாசிக் கருவாட்டைக் கடதாசியில் சுற்றித் தந்தா. ஒழுங்கை முனையில் மீற்றர் ஓட்டோ. ஓட்டுநர் நடுத்தர வயதுச் சிங்களவர். பதினொரு கிலோமீற்றர்.

“மாத்தயா, கொஹெந்த?” என்று கேட்டார். எந்த ஊர் ஐயா என்று.

“வெள்ளவத்தை” என்றேன் சட்டென்று.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

“வெள்ளவத்தையில் இந்தக் கரவல எங்க மாத்தயா? இது மன்னார் கரவல!” கரவல என்பது கருவாடு. அரைகுறைத் தமிழில் தொடர்ந்தார். “என் மச்சான் அங்க ரோட் வேலை செஞ்சது. நல்ல ஊர்தானே. ஏன் பொய் சொல்றது?”

ஏன் சொன்னேன்? முப்பது வருடத்துக்கு முன் கொழும்பில் அப்படிச் சொல்லிப் பழகிய வாய். அப்போது அதற்குக் காரணம் இருந்தது. இப்போது காரணம் போய்விட்டது, பொய் மட்டும் வேலையில் இருக்கிறது. “மன்னார்தான், மன்னிக்க வேண்டும்” என்றேன். அவர் அதற்குப் பிறகு கருவாட்டு விலையை விசாரித்துக்கொண்டே வந்தார். கட்டணம் ஆயிரத்து நூற்றுப்பத்து ரூபா.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். காவலர் கருவாட்டுப் பொதியைத் தள்ளி வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார். பஞ்சை விரித்தார்.

“என்ன இது?”

“கண்ணாடி மணி.”

“மாலைல கழண்டதா?”

“எங்கே இருந்து வந்தது என்று தெரியாது.”

அவர் மூடித் திருப்பித் தந்தார். மணியைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் நான் சொன்ன முதல் உண்மையை அவர் கவனிக்கவே இல்லை. அடுத்தவரின் பைக்குக் கையை நீட்டிவிட்டார்.

காலை 10.15, கோட்டாஞ்சேனை

நிரோஷா ஒல்லியான பெண், இருபத்தேழு வயது இருக்கும். கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. வீடு ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒடுங்கிய ஒழுங்கையில். முன்னறையில் ஒரு மேசை, அதில் கணினி, பக்கத்தில் அச்செடுத்த ஆய்வேடு இருநூறு பக்கத்துக்கு மேல். அவளுடைய தகப்பனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய கைகள். “வாங்க அண்ணே, இருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கருவாட்டை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கே பொரிப்போம் என்றார்.

நிரோஷா ஆய்வேட்டின் முதல் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். நன்றி என்று ஒரு பக்கம். பேராசிரியர்களுக்கு அடுத்து, தன் தகப்பனாருக்கு முன்னால், என் பெயர். ‘துணிந்து இறங்கிப் பதிவு செய்தமைக்காக’ என்று எழுதியிருந்தாள்.

அதை வாசித்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“பிள்ளை, நான் அந்தக் குழியில இறங்கேல்லை.”

அவள் விளங்காமல் சிரித்தாள். “எந்தக் குழி அங்கிள்?”

“மாந்தைக் குழி. நான் வீதியில நிண்டனான். மணி கிடைச்சது வீதியோரம், ரோட் போடக் கொட்டின கிரவல் மண் கும்பியில. நாலரை அடி எண்டது நான் கட்டின கதை. நேற்று போனில சொன்னதும் பொய்.”

முதலில் பேசியவர் தகப்பனார்தான்.

“நாளைக்குப் பிள்ளை புக்கக் குடுக்கணும். இப்ப வந்து சொல்றீங்க. நேத்து அவ கேட்டப்ப உங்கட வாய் எங்க போச்சு?”

“பயமா இருந்தது” என்றேன்.

நிரோஷா உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்படியே போய்விடலாமா என்று பார்த்தேன். நான்கே எட்டு வைத்தால் வாசல். ஆனால் தகப்பனார் அந்தப் பக்கம் நின்றார். அவர் மறிக்கவில்லை, இருந்தாலும் போகும் தைரியம் எனக்கு இல்லை. கழுவிய முகத்தோடு திரும்பி வந்த நிரோஷா என்னையும் இருக்கச் சொல்லி, கொப்பி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

“முதல்ல இருந்து சொல்லுங்க. ஏன் இறங்கல?”

சொன்னேன். குழிக்குப் போகும் வழியின் இரு பக்கமும் சிவப்புப் பலகை, மண்டையோடு. நடுவே துப்புரவாக்கிய நடைபாதை, வெள்ளைக் கட்டைகள் நட்டிருந்தார்கள். முகக் கவசம் போட்ட தொழிலாளி ஒருவர், “வாங்க ஐயா, இது கிளியர் பண்ணின இடம், பயமில்லை” என்று கூப்பிட்டார். பன்னிரண்டு எட்டு தூரம் இருக்கும். என்னோடு வேலை பார்த்த தபால்காரர் ஒருவர் கடிதம் கொடுக்கப் போன ஒழுங்கையில் மிதிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவர். அவரை ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். என் கால் எழும்பவில்லை. அந்தத் தொழிலாளி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். திரும்பும்போது வெட்கத்தில் குனிந்தே நடந்தேன். அப்படிக் குனிந்து நடந்ததால்தான் கிரவலுக்குள் மணி தெரிந்தது.

“வீதிக்கு எந்தப் பக்கம்?”

“மன்னாரிலிருந்து வந்தால் இடது பக்கம்.”

“கிரவல் எங்கிருந்து வந்தது?”

“தெரியாது. கார்ப்பெற் ரோட் போட்ட காலம். லொறிகள் நாலா பக்கத்தாலையும் வந்தது.”

“அப்ப இது மாந்தை மணியே இல்லாமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

அவள் டப்பாவைத் திறந்து மணியை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். “வடிவா இருக்கு. பழசாவும் இருக்கலாம். ஆனா இருந்த இடம் தெரியாட்டி இது எதையும் சொல்லாது அங்கிள். வெறும் கண்ணாடி.” மணியைத் திரும்பப் பஞ்சில் வைத்தாள். “நாப்பது பக்கம் எழுதிட்டேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“பயந்தது ஒரு பிழையும் இல்ல. பயந்து வீதியிலயே நின்னேன்னு நீங்க எழுதியிருந்தா, அதுவும் ஒரு ரெக்கோர்ட். அந்த மண்ணுக்கு மேல மனுஷங்க எப்படி நின்னாங்கன்னு பின்னால வாறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க அதையும் அழிச்சிட்டீங்க.”

பள்ளிக்கூட மேடைகளில் நான் கொடுத்த பாடங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஒன்றுக்குப் பக்கத்தில் வராது. எனக்கு அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதில், தெரியாத வீட்டில், அழுதேன்.

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தாள்.

“இப்ப சொன்னத எல்லாம் எழுதித் தாங்க. முழுப் பேர், ஐசி நம்பர், கையெழுத்து. பின்னிணைப்பா சேர்க்கணும். அதிகாரத்த இன்னைக்குத் திருத்தி எழுதுறேன். மணியையும் விட்டுட்டுப் போங்க, முறைப்படி ஒப்படைக்கணும்.”

அப்போது பிடித்த பயம், அதுவரை இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கியது. இதை நான் அக்காவுக்குக் கூடச் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், வேலைப் பயிற்சிக்குக் கொழும்பு வந்து, இதே கோட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது, சுற்றிவளைப்பில் பொலிஸார் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுவதும் சிங்களம், நெருக்கமாக ஒரு பக்கம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. போட்டேன், விட்டார்கள். அந்தத் தாளில் நான் எதை ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியாது. எங்கேயோ ஒரு அலுமாரியில் அது என் பெயரோடு கிடக்கிறது, ஒருநாள் யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று எத்தனையோ முறை விழித்து எழுந்திருக்கிறேன்.

பேனையைப் பிடித்தேன். விரல் மடங்கவில்லை. “என்னால ஏலாது பிள்ளை” என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். தகப்பனார் வாசலை விட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் போனதாகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நிரோஷா பேனையை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை.

“இது நீங்களே எழுதுறது அங்கிள். உங்கட பாஷையில, உங்கட வசனத்துல. எழுதி முடிஞ்சதும் நான் சத்தமா வாசிச்சுக் காட்டுறேன். நீங்க சொல்லாத ஒரு சொல் இருந்தாலும் சொல்லுங்க, கிழிச்சுப் போட்டிரலாம். சரின்னா மட்டும் போடுங்க.”

பத்து வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று தாளைக் கெடுத்தேன். முதல் தாளில் ‘எதிர்பாராத காரணங்களால்’ என்று எழுதியிருந்தேன். நிரோஷா அதில் விரலை வைத்து, “என்ன காரணம்?” என்றாள். வெட்டிவிட்டு ‘பயத்தால்’ என்று எழுதினேன். பிறகு அவள் எழுந்து நின்று, தேவாலயத்தில் வாசகம் வாசிக்கிறவள் போல, முழுவதையும் நிதானமாக வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஒவ்வொன்றும் என்னுடையது. கையெழுத்துப் போட்டேன்.

அவள் கணினியைத் திறந்து நன்றிப் பக்கத்துக்குப் போனாள்.

“உங்கட பேர இதுல இருந்து எடுக்கிறேன்.”

“எடு பிள்ளை.”

எடுத்தாள். தகப்பனார் கருவாடு பொரிந்துவிட்டது, சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். சாப்பிட்டேன். நிரோஷா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, பிற்பகல் 3.40

திரும்பும் பஸ் மதவாச்சியைத் தாண்டி, மடுச் சந்தியைத் தாண்டி, முருங்கனுக்கு வந்தபோது நிரோஷாவிடமிருந்து செய்தி வந்தது. ‘குடுத்துட்டேன்.’ அவ்வளவுதான். நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. முடிவு வர மாதங்கள் ஆகும். பரீட்சகர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. ஓர் அதிகாரம் நொண்டியாகிப் போன ஆய்வேட்டை அவர்கள் திருப்பி அனுப்பலாம். இதை எழுதும் இன்றுவரை அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, தினமும் ஒருமுறை தொலைபேசியைப் பார்க்கிறேன்.

கொழும்பையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டு இரண்டு வரி எழுதுவது என் வழக்கம். இம்முறை ஒன்றுதான் தோன்றுகிறது. ஊரில் என்னைத் தெரியாதவர் இல்லை, அதனால் யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. கோட்டாஞ்சேனையில் ஒரே ஒரு பெண், எந்தப் பக்கம், எந்த மண், ஏன் என்று கேட்டாள். ஊரில் நான் ஒன்பது பொன்னாடைக்காரன். அங்கே பத்து வரிக்காரன். பத்து வரி சுடுகிறது, ஆனால் அதோடு தூங்க முடிகிறது.

அடுத்த மாதம் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். அதே தலைப்பு. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இம்முறை தூக்கிக் காட்ட மணி இல்லை. இதழ் ஆசிரியரிடம் பழைய கட்டுரைக்குத் திருத்தம் வேண்டும் என்றேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு எதற்கு, கேட்பதானால் மூன்று வரி போடலாம் என்றார். மூன்று வரியில் அடங்காது என்று இந்தக் கட்டுரையை எழுதினேன்.

கட்டணங்களும் நேரங்களும் சரியானவை, சரிபார்த்துக்கொள்ளலாம். மாந்தைக் குழியைப் பற்றி என் கட்டுரையில் வாசித்து, நேரில் பார்த்தது போல் இருந்தது என்று எனக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இறங்காத அந்தக் குழியில் நானும் இறங்கவில்லை.